அறுநூறு பனியனில் அத்தாவின் முகம்

திருப்பூர்,
22.9.2025

பனியன் கம்பெனி உரிமையாளர் திரு. சிவபிரகாஷ் அவர்களுக்கு,

என் பெயர் முனவர் பேகம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. உங்கள் கம்பெனிக்கு இரண்டு நாள் போன் செய்தேன். முதல் நாள் ஒரு பெண் "ஆர்டருங்களா மேடம்?" என்றாள். மறுநாள் "இப்ப ஆள் எடுக்கறதில்லீங்க" என்றாள். மூன்றாம் நாள் டவுன் பஸ் ஏறி முதலிபாளையத்துக்கே வந்தேன். உங்கள் வாட்ச்மேன் இந்தியில் என்னவோ சொல்லிவிட்டு கேட்டைச் சாத்தினார். அதனால் ஸ்பீட் போஸ்ட். இனி எதுவானாலும் எழுத்திலேயே இருக்கட்டும்.

விஷயம் இதுதான். போன வாரம் பஸ்ஸில் எனக்கு எதிரே நின்ற ஒரு வடநாட்டுப் பையனின் நெஞ்சில் என் தகப்பனார் முகத்தைப் பார்த்தேன். பட்டாளத் தொப்பி, மீசை, புருவத்தில் இருந்த தழும்பு எல்லாம் அப்படியே இருந்தன. கீழே "மாவீரர் பெருமாள்சாமி, 1965 போரில் வீரமரணம், அறுபதாம் ஆண்டு நினைவு" என்று அச்சடித்து, முதுகில் உங்கள் கம்பெனி பெயரையும் போட்டிருக்கிறீர்கள்.

என் அத்தாவின் பெயர் கமாலுதீன். அவர் போரில் சாகவில்லை. முழு உடம்போடு திரும்பி வந்து, இந்த ஊரில் தையல் மெஷின் ஸ்பேர்ஸ் கடை வைத்து, சர்க்கரை வியாதியோடு மல்லுக்கட்டி, 1994இல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மவுத்தானார். உயிரோடு வீடு வந்த மனிதனை நீங்கள் எப்படிச் சாகடிக்கலாம்?

நேற்று ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் ஒருவர் அத்தாவின் முகத்தால் ஸ்கூட்டி துடைத்துக்கொண்டிருந்தார். சீட்டைத் துடைத்தவர் அடுத்து சைலன்சருக்குப் போனார். அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

மொத்தம் எத்தனை பனியன் அடித்தீர்கள், யாரைக் கேட்டு அடித்தீர்கள், எப்போது திரும்ப வாங்கப் போகிறீர்கள்? மூன்றுக்கும் பதில் வேண்டும்.

முனவர் பேகம்


முதலிபாளையம்,
27.9.2025

மரியாதைக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. வாட்ச்மேன் செய்ததற்கு மன்னியுங்கள். கடிதத்தில் இருந்த உங்கள் நம்பருக்கு நானே கூப்பிட்டேன். "எழுத்தில்" என்ற ஒரே வார்த்தையோடு வைத்துவிட்டீர்கள். எனக்கு ஷிப்மென்ட் நேரம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் கையால் எழுதும் முதல் கடிதம் இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஏதோ தவறான எண்ணம் வந்திருக்கிறது. பனியனில் இருப்பவர் என் அப்புச்சி, அதாவது என் அம்மாவைப் பெற்றவர். ஊர் மூலனூர்ப் பக்கம். 1965 செப்டம்பரில் எல்லையில் இறந்தார். உடம்பு வரவில்லை. ஒரு தந்தியும் ஒரு தகரப் பெட்டியும்தான் வந்தன. அப்போது என் அம்மா நஞ்சம்மாள் பதினோரு மாதக் குழந்தை. பெட்டிக்குள் பட்டாளத்தில் எடுத்த குரூப் போட்டோ ஒன்று இருந்தது. அதில் நிற்பவர்களில் இடது ஓரத்திலிருந்து மூன்றாவது ஆள்தான் அப்புச்சி. ஆனால் போட்டோ எடுக்கும் நேரம் பார்த்துத் தலையைத் திருப்பிவிட்டார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல்தான் இருக்கும். என் அம்மா அறுபது வருஷமாக அந்தத் தீற்றலைப் பார்த்துத்தான் "எங்கப்பன்" என்று சொல்லிவந்தார்.

இந்த வருஷம் எங்கள் டிசைனர் முருகேஷ் "அண்ணா, கம்ப்யூட்டர்ல இதெல்லாம் சப்பை மேட்டருங்க" என்று வாங்கிப்போய் இரண்டே நாளில் பளிச்சென்று முகத்தைக் கொண்டுவந்துவிட்டான். அம்மா அழுத அழுகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மூக்கு எனக்கே வந்திருக்கிறது என்றார்கள். மூலனூரிலிருந்து நினைவு நாள் பந்திக்கு வந்த ஒரு பெரியவர் "நடையே அப்படித்தான்" என்றுகூடச் சொன்னார்.

தொப்பியும் மீசையும் வைத்தால் அந்தக் காலத்துப் பட்டாளத்துக்காரர்கள் எல்லாரும் ஒரே சாயல்தான். பனியன் மொத்தம் அறுநூறு, நினைவு நாளன்று எங்கள் ஆட்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் இலவசமாகக் கொடுத்தோம். அப்புச்சியின் பேரனாக நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பணிவுடன்,
சிவபிரகாஷ்


திருப்பூர்,
3.10.2025

திரு. சிவபிரகாஷ் அவர்களுக்கு,

எழுத்துப்பிழை நான்குதான். கருத்துப்பிழைக்குத்தான் அளவில்லை.

இத்துடன் ஒரு ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். உங்கள் தகரப் பெட்டியில் இருக்கும் அதே குரூப் போட்டோ, அத்தாவின் பிரதி. உங்கள் பிரதியில் யாரோ சட்டத்துக்குள் அடக்குவதற்காகக் கீழ்ப்பகுதியை வெட்டியிருப்பார்கள். இதில் பெயர் வரிசை முழுதாக இருக்கிறது. நிற்பவர்கள் ஒன்பது பேர். இடது ஓரத்திலிருந்து மூன்றாவது பெருமாள்சாமி, முகம் தீற்றல். வலது ஓரத்திலிருந்து மூன்றாவது கமாலுதீன், புருவத்தில் தழும்பு. உங்கள் மூக்கையும் ஒரு கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜை அன்று மறுபடி வந்தேன். கேட் அகலத் திறந்திருந்தது. அதே வாட்ச்மேன் கையில் பொரி கொடுத்து உள்ளே அனுப்பினார். உங்களைக் கேட்டேன், பூசணிக்காய் உடைக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஆபீஸ் ஹாலில் நாலடி உயரத்துக்கு என் அத்தா. கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம் குங்குமம், எதிரே வாழை இலையில் சுண்டல். ஐந்து வேளையும் தொழுத மனிதர். வீட்டில் தன் போட்டோ ஒன்றைக்கூட மாட்டவிடாதவர். உங்கள் சாமியை நான் குறை சொல்லவில்லை. என் அத்தாவைச் சாமியாக்காதீர்கள் என்கிறேன்.

படத்தைக் கழற்றுங்கள். பனியன்களைத் திரும்ப வாங்குங்கள்.

முனவர் பேகம்


முதலிபாளையம்,
10.10.2025

டீச்சர் அவர்களுக்கு,

ஜெராக்ஸைப் பார்த்ததும் முருகேஷைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தேன். அரைமணி நேரம் மழுப்பிவிட்டுப் பிறகு ஒத்துக்கொண்டான்.

டிரான்ஸ்பர் பிரிண்ட் என்று ஒன்று. பேப்பரில் அச்சடித்துச் சூட்டில் வைத்து அழுத்தித் துணியில் ஒட்டுவது. கண்ணாடியில் தெரிகிற மாதிரி படத்தை இடவலம் திருப்பிப் போட்டால்தான் துணியில் நேராக விழும். இவன் வேலையை மிச்சம் பிடிக்கிறேன் என்று முதலிலேயே மொத்த குரூப் போட்டோவையும் திருப்பிவிட்டான். அதற்கப்புறம் இடது ஓரத்திலிருந்து மூன்றை எண்ணியிருக்கிறான். வந்தது உங்கள் அத்தா. "தீற்றல்னு சொன்னீங்க, இங்க மூஞ்சி நல்லாவே இருந்துச்சு. ஸ்கேன் பண்ணப்ப கிளியர் ஆயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்ணா" என்கிறான். இவனைக் கட்டிக்கொண்டு நான் வெளிநாட்டு பையர்களுக்கு டெலிவரி கொடுக்கிறேன்.

தப்பு எங்களுடையதுதான். மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் பனியனைத் திரும்ப வாங்குவது இப்போது ஆகிற காரியமில்லை. பாதிப் பேர் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். உங்கள் அத்தா இந்நேரம் பீகார் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பார். கையில் கிடைத்தது நாற்பத்தொன்று. ஸ்டாண்டுக்காரர் வண்டி துடைத்ததையும் சேர்த்து.

படம்தான் பெரிய சிக்கல். டீச்சர், என் அம்மா தினமும் காலையில் கம்பெனிக்கு வந்து அந்தப் படத்தோடு சண்டை போடுகிறார். ஆமாம், சண்டைதான். "குடிக்கக் கஞ்சி இருந்தப்பவே பட்டாளத்துக்கு எதுக்குப் போனே? எங்காத்தாள அத்தனை பேரு மூளியின்னாங்களே, நீ கேட்டியா? என் கண்ணாலத்துக்கு வந்தியா?" அறுபது வருஷமாகக் கேட்க ஆள் இல்லாத கேள்விகள். கேட்டு முடித்ததும் முகம் தெளிந்து வீட்டுக்குப் போகிறார். பத்து வருஷத்தில் இப்போதுதான் மாத்திரை இல்லாமல் தூங்குகிறார்.

இவரிடம் போய் "அது உங்கப்பன் இல்லம்மா" என்று நான் எந்த வாயால் சொல்ல? உண்மையான முகத்தை மாட்டலாம் என்றால் அதுவும் இல்லை, வெறும் தீற்றல். தை மாதம் வரைக்குமாவது பொறுங்கள். குங்குமத்தை வேண்டுமானால் நானே துடைத்துவிடுகிறேன்.

சிவபிரகாஷ்


திருப்பூர்,
14.10.2025

திரு. சிவபிரகாஷ் அவர்களுக்கு,

முடியாது.

தையில் பங்குனி என்பீர்கள், பங்குனியில் அம்மாவுக்கு பிரஷர் என்பீர்கள். முப்பத்தைந்து வருஷம் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் பார்த்தவள் நான். பெற்ற தாய்க்குப் பொய்யான முகத்தைக் காட்டி அவர் தூங்குவதைப் பெருமையாக எழுதுகிறீர்கள். வேறு ஒருவரின் தகப்பனைத் திட்டித்தான் உங்கள் அம்மாவுக்குத் தூக்கம் வர வேண்டுமா? என் அத்தா யாரிடமும் அப்படித் திட்டு வாங்க வேண்டியவர் அல்ல.

இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

தீபாவளிக்குள் படம் இறங்க வேண்டும்.

முனவர் பேகம்


முதலிபாளையம்,
18.10.2025

டீச்சருக்கு,

இதை நாளைக்குப் படித்தால் நானே வருத்தப்படுவேன், அதனால் இன்றே போஸ்ட் செய்கிறேன்.

உங்களுக்கு அத்தா முப்பது வருஷம் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார், படிக்கவைத்து டீச்சர் ஆக்கியிருப்பார், நீங்கள் நினைத்தபோது சண்டை போட்டிருப்பீர்கள். என் அம்மாவை அவர் அப்பா பார்த்தது ஒரே ஒரு லீவில், மூன்று மாதக் குழந்தையாக. என் அம்மா அவரைப் பார்த்ததாகக் கணக்கே இல்லை. புருஷன் இல்லாத வீடு என்று அம்மாவைப் பெற்ற அம்மாயியையும் அம்மாவையும் பங்காளிகள் ஒரு விசேஷத்துக்கும் முன்வரிசையில் உட்காரவிட்டதில்லை. அம்மாயி சாகும்வரை அந்தத் தந்தியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். அதில் எப்படிச் செத்தார் என்று ஒரு வரி கிடையாது.

நீங்கள் ஒரு முகத்தைக் கேட்கிறீர்கள். உங்களிடம் அந்த முகத்தோடு முப்பது வருஷமும் இருக்கிறது. எங்களிடம் இருப்பது முருகேஷ் செய்த தப்பு ஒன்றுதான். அதையும் பிடுங்கியே தீருவேன் என்றால் வந்து நீங்களே பிடுங்கிக்கொள்ளுங்கள். அம்மா காலை ஒன்பது மணிக்கு அங்கேதான் இருப்பார். நீங்களே சொல்லுங்கள்.

சிவபிரகாஷ்


திருப்பூர்,
29.10.2025

சிவபிரகாஷ் தம்பிக்கு,

இரண்டு பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இரண்டும் இதைவிட நன்றாகத் திட்டியிருந்தன.

என் கோபத்தில் பாதிதான் உங்களுக்குச் சேர வேண்டியது. பஸ்ஸில் அன்று என்னை உலுக்கியது அத்தாவின் முகம் இல்லை, அதன் கீழே இருந்த பெயர். பெருமாள்சாமி என்ற பெயரை அத்தா வாயால் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில், அவருடைய கடைசி வாரத்தில்.

எல்லையோரம் ஒரு கிராமம். ஜனம் போட்டது போட்டபடி ஓடிவிட்டது. பக்கத்தில் பதுங்குகுழி வெட்டி இவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீட்டுக் கட்டுத்தறியில் எருமைகளை அவிழ்க்காமலே போயிருக்கிறார்கள். கறக்கவும் தண்ணீர் காட்டவும் ஆளில்லை. இரண்டு நாள் விடாமல் கத்தியிருக்கின்றன. உங்கள் அப்புச்சி இருப்புக்கொள்ளாமல் "மடி கட்டிப்போயிருக்கும், வலி பொறுக்காமக் கத்துது" என்று புலம்பிக்கொண்டே இருந்தாராம். தூக்கம் கெட்ட எரிச்சலில் அத்தா ஒரு வார்த்தை விட்டுவிட்டார். "மாட்டைவிட உன் தொணதொணப்புதான்டா தாங்கல. நீதானே மாட்டுக்காரன், போய் அவுத்து விட்டுட்டு வா."

போனார். குண்டு விழுந்தது. அத்தா தூக்கிக்கொண்டு வரும்போதே உயிர் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் செப்டம்பரில் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு அத்தா மூலனூர் போவார். ஒரு கட்டு முருங்கைக்காயோடு திரும்பி வருவார். "முருங்கைக்காய்க்கு இந்த ஊர்ல பஞ்சமா? நாள் பூரா பஸ்ல போய்த்தான் வாங்கணுமா?" என்று அம்மா கத்துவார். ஆஸ்பத்திரியில்தான் என்னிடம் சொன்னார்: "சந்தை வரைக்கும் போயிருவேன்மா. பெருமாள்சாமி வீடு எதுன்னு கேக்க வாய் வராது. வெறுங்கையோட வந்தா உங்கம்மா துருவுவா, அதுக்குத்தான் காய்." இருபத்தேழு வருஷம் போயிருக்கிறார், தம்பி. ஒரு வருஷம்கூட வாய் வரவில்லை.

ஆயுத பூஜை அன்று படத்துக்கு முன்னால் நின்று "பதில் சொல்லு" என்று அதட்டிக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். யாரென்று புரிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று இரண்டடி வைத்தேன். பிறகு பொரியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து உங்களுக்கு அந்த மூன்றாம் தேதிக் கடிதத்தை எழுதினேன்.

அதனால்தான் படத்தைக் கழற்றச் சொல்கிறேன். அத்தா திட்டு வாங்கக் கூடாதவர் என்று எழுதியது பொய். அந்த அம்மாள் தெரியாமலேயே சரியான ஆளிடம் கேட்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். போகச் சொன்னது யார் என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.

முனவர் பேகம்


முதலிபாளையம்,
6.11.2025

டீச்சர் அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன். ஐந்து நாள் ஆனது எனக்கு. ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. ஒரு நாள் ஊசி உடைந்தது, ஒரு நாள் கரண்ட் இல்லை, ஒரு நாள் அம்மாவே நல்ல மூடில் இருந்தார். உங்கள் அத்தாவை நினைத்துக்கொண்டேன்.

முதலில் முகம். அம்மா படத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "அப்ப மூலனூர்ல இருந்து வந்த பெருசு நடையைப் பாத்தேன்னு சொன்னது?" என்றார். "புளுகும்மா" என்றேன். "பந்தியில ரெண்டு தடவை உக்காந்தப்பவே நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான்.

பிறகு எருமைகளைச் சொன்னேன். உங்கள் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன். முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்: "இத்தனை நாளா தொப்பியும் மீசையும் பாத்து ஆரோ பெரிய ஆபீசரு கூடப் பேசறாப்பலதாங் கண்ணு இருந்துச்சு. எரும கத்துதுன்னு குண்டுக்கு நடுவுல எந்திரிச்சுப் போனான் பாரு, அதுதான் எங்கப்பன்."

அம்மா அப்படித்தான், டீச்சர். எந்த வீட்டு மாடு கத்தினாலும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார். இதற்காக எங்கள் அப்பாவிடம் வாங்காத திட்டு இல்லை.

போகச் சொன்னவரைப் பற்றிக் கேட்டேன். கோபம் வந்துவிட்டது, என்மேல். "அந்த மனுசன் என்ன பண்ணுவாரு? அவரு சொல்லலீன்னா எங்கப்பன் போகாம இருந்திருப்பானா? சும்மா வந்த வார்த்தைய அத்தனை வருசம் சுமந்துருக்காரு. சந்தை வரைக்கும் வந்தவரு ஊட்டுக்கு வந்திருந்தா எங்காத்தா ஒரு வாய் சோறு போட்டு அனுப்பியிருப்பாளே. அந்தம்மாவுக்கு நான் சொன்னேன்னு எழுது, அவங்க அப்பா மேல ஒரு தப்பும் இல்லீன்னு எழுது." எழுதிவிட்டேன்.

படத்தை இறக்கிவிட்டேன். குங்குமத்தை அம்மாவே ஈரத்துணியால் துடைத்தார். குப்பையில் போட மனசு வரவில்லை, நீங்கள் மாட்ட மாட்டீர்கள் என்றும் தெரியும். என்ன செய்யட்டும்?

இன்னொன்று. நேற்றிலிருந்து அம்மா ஒரே கேள்வியைக் கேட்டு என் உயிரை வாங்குகிறார். கட்டிங் டேபிளுக்கே வந்து நிற்கிறார். தையல்காரர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். அறுபது வருஷம் கழித்து அப்பாவைப் பற்றித் தெரிந்துகொள்ள இது ஒன்றுதான் கிடைத்ததா என்று கத்திக்கூடப் பார்த்துவிட்டேன். நகர மாட்டேன் என்கிறார். "மாடு அவுந்துச்சா இல்லியா? அதைக் கேட்டு எழுது மொதல்ல."

அவிழ்ந்ததா டீச்சர்?

சிவபிரகாஷ்


திருப்பூர்,
9.11.2025

சிவபிரகாஷ் தம்பிக்கு,

படத்தை அனுப்புங்கள். மாட்ட மாட்டேன், பீரோவில் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் அம்மா சொல்லி அனுப்பியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அத்தா இருந்தபோது கேட்டிருக்க வேண்டிய வார்த்தை.

எருமைகள் ஐந்து. நாலை அவிழ்த்து அடித்து விரட்டிவிட்டாராம். நாலும் கரும்புக் காட்டுக்குள் ஓடியதை அத்தா தன் கண்ணால் பார்த்திருக்கிறார். ஐந்தாவதின் முடிச்சில் கை இருக்கும்போதுதான் குண்டு விழுந்தது. அதற்கு என்ன ஆயிற்று என்று நானும் ஆஸ்பத்திரியில் கேட்டேன். அத்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஐந்தும் என்று எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். உங்கள் அம்மாவுக்கு இன்னொரு பொய் வேண்டாம். நாலு போதுமா என்று கேட்டு எழுதுங்கள்.

முனவர் பேகம்